ஊர்ப்பொதுவிடங்களும் உற்சவங்களும்

ஒரு காலத்தில் ஊரின் ஜீவநாடியாக இருந்து, பின்னர்த் தொழில் மாறியதாலோ, நீர்வரத்து நின்றுபோனதாலோ, குடிகள் வேறிடம் பெயர்ந்ததாலோ கேட்பாரற்றுப் போன இடங்கள் இன்று ஏறக்குறைய எல்லா ஊர்களிலும் உள்ளன. தண்ணீர் நில்லாத தெப்பக்குளம், கதிரறுக்கும் இயந்திரம் வந்தபின் ஆளரவமற்றுப்போன களத்துமேடு, ஆட்டு மாட்டு வியாபாரம் வேறூருக்குப் போய்விட்டதால் சீமைக்கருவேலம் மண்டிய சந்தைப்பேட்டை, பிள்ளைகள் குறைந்து மூடப்பட்ட பள்ளிக்கூடம், சரக்குத் தோணிகள் வாராத துறைமுகத்துக் கிட்டங்கி என இவற்றின் வகைகள் பல. இத்தகைய இடங்களில் விழாக்களை நடத்தி, அவற்றின் வாயிலாக ஜனங்களை மீண்டும் அங்கே புழங்கச் செய்து, இடத்துக்கும் அதைச் சூழ்ந்த ஊருக்கும் புத்துயிர் ஊட்டலாம் என்னும் அபிப்பிராயம் சென்ற கால் நூற்றாண்டுக் காலமாக நகர நிர்வாகிகளிடையேயும் கலைஞர்களிடையேயும் வலுப்பெற்று வந்திருக்கிறது. ஜப்பானிய மலைக்கிராமங்களிலும், கொச்சிக் கோட்டையின் பழைய பண்டகசாலைகளிலும், சென்னைக் கடற்கரைக் குப்பத்திலும் இதற்கான முயற்சிகள் நடந்திருக்கின்றன. அவற்றின் பலாபலன்களை எடைபோடுவதற்குப் போதிய அனுபவமும் இப்போது சேர்ந்திருக்கிறது.

இதை முற்றிலும் புதிய யோசனை என்று கருதுவோர் நம் நாட்டுப் பழைய உற்சவ முறைகளைச் சற்று ஊன்றிப் பார்க்க வேண்டும். திருவாரூரில் ஆழித்தேர் ஓடும் நான்கு வீதிகளை எடுத்துக்கொள்வோம். அலங்கரித்து நிற்கையில் 96 அடி உயரமும் ஏறத்தாழ 300 டன் எடையும் உடையதெனச் சொல்லப்படும் அந்தத் தேர் ஓடவும் முனைகளில் திரும்பவும் எவ்வளவு இடம் வேண்டுமோ அவ்வளவு இடத்தை அவ்வீதிகள் விட்டுவைத்தே தீர வேண்டும். வீட்டுக்காரர் திண்ணையை நீட்டுவதும், கடைக்காரர் பந்தற்கால் நடுவதும், மரக்கிளை தாழ வளர்வதும் பிற தெருக்களில் யாரும் கேளாமலே நிலைத்துவிடக் கூடியவை. தேரோடும் வீதியிலோ, ஆண்டுக்கொருமுறை தேரே வந்து அவற்றை அளந்து பார்த்துவிடுகிறது. அபராதத்தாலும் அறிவிப்பாலும் நகராட்சிகள் சாதிக்கத் தவறுகிற ஒரு காரியத்தை, யார்மேலும் வழக்குத் தொடுக்காமல், ஊரார் தாமே முன்வந்து செய்யும்படி ஓர் உற்சவம் செய்துவிடுகிறது. பல ஆண்டுகள் ஓடாமல் நிலையிலேயே நின்றிருந்த அத்தேரை 1970-இல் மறுபடி ஓட்டியபோது, தடம் புரளாமல் இழுக்கவும் நிறுத்தவும் வேண்டிய இரும்புச் சாதனங்களைத் திருச்சிராப்பள்ளி மிகுமின் நிறுவனத்தாரின் உதவியோடு பொருத்திக்கொண்டார்கள். பழைய சம்பிரதாயத்தைக் காக்க விரும்பியவர்கள் புதிய யந்திரத்தைக் கண்டு கூசவில்லை என்பது இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

பாண்டி நாட்டுக் கண்மாய்களில் நடக்கும் மீன்பிடித் திருவிழா இதனினும் எளியது. ஆனால் நம் ஆராய்ச்சிக்கு இதனினும் பயனுடையது. மதுரை, சிவகங்கை, திண்டுக்கல், புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களில், விளைச்சல் முடிந்து கண்மாய்த் தண்ணீர் வற்றிவரும் கோடையில், ஒரு நாள் குறித்துச் சுற்றுவட்டாரத்துக்கெல்லாம் சொல்லியனுப்புகிறார்கள். அதிகாலையில் ஊத்தாவும் கச்சாவும் வலையுமாகக் கரைநெடுகக் காத்திருக்கும் கூட்டம், ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும் ஒருசேர உள்ளே இறங்குகிறது. பிடித்த மீனை விற்கக் கூடாது, வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமைக்கத்தான் வேண்டும் என்பது பல ஊர்களில் கட்டுப்பாடு. விற்றால் மறுவருஷம் மழை பொய்க்கும் என்ற நம்பிக்கையும் உண்டு. பாய்ச்சல் முடிந்தபின் பயனில்லாமல் சேறாகக் கிடக்கும் ஒரு நீர்நிலை, அந்த ஒரு நாளில் ஊர் முழுவதற்கும் உரிய சொத்தாகிறது. மடை எந்த நிலையில் இருக்கிறது, வண்டல் எவ்வளவு மேடிட்டிருக்கிறது, எவர் வயல் எவ்வளவு தூரம் உள்ளே வந்திருக்கிறது என்பதை நூற்றுக்கணக்கானவர்கள் தம் காலாலேயே அறிந்துவிடுகிறார்கள். அறிந்தபின் அதைப் பற்றிப் பேசாமல் இருப்பது எளிதன்று. குடிமராமத்து என்று நம் முன்னோர் வைத்திருந்த கூட்டுழைப்பு முறைக்கு இத்தகைய திருநாட்கள் எவ்வளவு துணை நின்றிருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

உற்சவம் இருந்தும் இடம் பாழாகலாம் என்பதற்கு மதுரை வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் சான்று. 17-ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் வெட்டுவித்த அந்தக் குளம் ஏறத்தாழ 1000 அடி நீளமும் 950 அடி அகலமும் உடையது. நடுவே மைய மண்டபம். வையையிலிருந்து பனையூர்க் கால்வாய் வழியே நீர்வரத்து. ஆற்றில் நீர் குறைந்து கால்வாயும் தூர்ந்துபோன பிற்காலத்தில், பல ஆண்டுகள் அது வெறுந்தரையாகக் கிடந்து பையன்கள் கிரிக்கெட் ஆடும் மைதானமாயிற்று. தைப்பூசத் தெப்பம் மட்டும் நிற்கவில்லை. நீரில்லாத ஆண்டுகளில் தெப்பத்தை நிலைத்தெப்பமாக நிறுத்தியே சடங்குகளை முடித்தார்கள். சடங்கைக் குறைவின்றிச் செய்துகொண்டே இடத்தைக் கைவிட முடியும் என்பதை இது காட்டுகிறது. ஆயினும் மறுபக்கமும் ஒன்றுண்டு. நீரில்லாத தெப்பம் ஆண்டுதோறும் ஊரார் கண்ணில் உறுத்திக்கொண்டே இருந்ததால், குளத்தை நிரப்ப வேண்டுமென்னும் குரல் அடங்கிவிடவில்லை. கால்வாய் சீராக்கப்பட்டு அண்மை ஆண்டுகளில் வையை நீர் மீண்டும் வந்து சேர்ந்தபோது, தெப்பம் மிதந்தது மட்டுமன்றி, மாலைவேளைகளில் குடும்பம் குடும்பமாக மக்கள் கரையில் வந்து உட்காரும் இடமாகவும் அது மாறிற்று. தெப்பத் திருநாள் என்ற ஒன்று இல்லாதிருந்தால், நகரத்தின் நெருக்கத்தில் அவ்வளவு விஸ்தாரமான ஒரு வெறுநிலம் பேருந்து நிலையமாகவோ கடைத்தெருவாகவோ ஆகாமல் தப்பியிருக்குமா என்பது சந்தேகமே.

அதே மதுரையில், அதே நாயக்க மன்னர் செய்த இன்னொரு மாறுதல் இப்பொருளில் ஈடுபட்ட எவரையும் வியக்கவைக்கும். அழகர் ஆற்றில் இறங்கும் விழா முற்காலத்தில் சோழவந்தான் பக்கத்துத் தேனூரில் நடந்ததென்றும், மாசியில் நடந்துவந்த மீனாட்சி திருக்கல்யாணத்தைச் சித்திரைக்கு மாற்றி, அழகரையும் மதுரைக்கு வரவழைத்து இரு விழாக்களையும் இணைத்தவர் திருமலை நாயக்கர் என்றும் சொல்வார்கள். மாசி அறுப்புக் காலமாதலால் தேர் இழுக்க ஆள் கிடைப்பது அரிதாயிருந்தது என்பது அம்மாறுதலுக்குக் கூறப்படும் காரணங்களுள் ஒன்று. வேலை ஓய்ந்த மாதம், வறண்டு கிடக்கும் ஆற்றுப்படுகை, சைவமும் வைணவமுமாகப் பிரிந்திருந்த ஜனக்கூட்டம் ஆகிய மூன்றையும் ஓரிடத்தில் சேர்த்த அந்த ஏற்பாடு, காலத்தையும் இடத்தையும் ஒருங்கே கணக்கிட்டுச் செய்த ஒரு நகரத் திட்டமென்றே சொல்லத்தக்கது. இன்றைக்கும் சித்திரை நெருங்கினால் படுகையிலுள்ள கருவேலம் வெட்டப்படுகிறது, குப்பை அகற்றப்படுகிறது, வைகை அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிடப்படுகிறது. அழகர் கோயிலிலிருந்து வரும் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் வழியில் நூற்றுக்கணக்கான மண்டகப்படிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்துக்கோ, தொழிற்குழுவுக்கோ, தெருவுக்கோ உரியது. அதற்குரியவர்கள் ஆண்டு முழுவதும் அந்தத் திருக்கண்ணைப் பழுதுபார்த்து வெள்ளையடித்து வைத்திருக்க வேண்டும். சுவாமி வந்து தங்கும் நேரம் சில நிமிஷமேயானாலும் அந்தக் கடமை தவறாது.

மண்டகப்படி முறையில்தான் இந்தப் பிரச்சினையின் மையக் கருத்து அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. வந்துபோகும் கூட்டத்தால் எந்த இடமும் உயிர்பெற்றுவிடுவதில்லை. அந்த இடத்தின் ஒரு பகுதிக்கு இன்னார் பொறுப்பு, அந்தப் பொறுப்புக்கு ஈடாக இன்னாருக்கு இந்த உரிமையும் இந்த மரியாதையும் உண்டு என்னும் ஏற்பாடு இருக்கும்போதே, விழா இல்லாத 350 நாட்களிலும் அதைக் கவனிக்க ஒருவர் இருக்கிறார். பிற நாடுகளில் வெற்றி பெற்ற முயற்சிகளை ஆராய்ந்து பார்த்தால், அங்கும் வேறு பெயர்களில் இதே ஏற்பாட்டைத்தான் காண்கிறோம்.

ஜப்பானில் நீகாத்தா மாகாணத்து எச்சிகோ-சுமாரி என்னும் மலைப்பிரதேசம் ஏறத்தாழ 760 சதுரக் கிலோமீட்டர் பரப்புடையது. குளிர்காலத்தில் ஆள் உயரத்துக்கு மேல் பனி குவியும் அந்நிலத்தில், மலைச்சரிவைப் படிப்படியாக வெட்டி நெல் விளைவித்து வந்த குடியானவர்கள் முதுமையடைய, இளைஞர்கள் நகரங்களுக்குப் பெயர்ந்துவிட, வீடுகளும் பள்ளிகளும் வயல்களும் ஒவ்வொன்றாகக் கைவிடப்பட்டன. 2000-ஆம் ஆண்டு முதல் மூன்றாண்டுக்கொருமுறை அங்கே நடந்துவரும் கலைவிழாவுக்குச் சூத்திரதாரி கிதகாவா புராம் என்பவர். கலைப்பொருட்களை ஒரே அரங்கில் வைத்துக் காட்டாமல் நூற்றுக்கணக்கான குக்கிராமங்களில் பரப்பி வைத்து, பார்க்க வருபவர் ஊர் ஊராகச் சென்று, வழி கேட்டு, வயல் வரப்பில் நடந்தே காண வேண்டும் என்று அவர் வகுத்த முறை, வசதியை விரும்பும் நிர்வாகிகள் எவருக்கும் முதலில் பைத்தியக்காரத்தனமாகவே பட்டிருக்கும். உள்ளூர்க்காரர்களும் தொடக்கத்தில் ஆதரிக்கவில்லை. தற்காலக் கலைக்கும் தங்கள் நெல்வயலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டார்கள். கிராமம் கிராமமாகக் கூட்டம் போட்டுப் பேசிப் பேசித்தான் அந்த எதிர்ப்பைத் தணிக்க வேண்டியிருந்தது. இந்த முயற்சியின் வெற்றிக்கு முதற் காரணம் அந்தப் பொறுமைதான் என்பேன்.

2004-இல் அப்பிரதேசத்தைப் பெரும் பூகம்பம் தாக்கியது. வெறுமையான வீடுகள் மேலும் பெருகின. விழாவுக்கென்று முன்பு வந்து பழகியிருந்த தொண்டர்கள் அப்போது இடிபாடுகளை அகற்றவும் வீடுகளைச் செப்பனிடவும் வந்தார்கள். 2006 விழாவில் கைவிடப்பட்ட வீடுகளைப் புதுக்குவதே முக்கியமான பணியாயிற்று. தோகே என்னும் சிற்றூரில் நிஹோன் பல்கலைக்கழகத்துக் கலை மாணவர்கள் ஒரு பழைய வீட்டின் தூண், சுவர், தரை, உத்தரம் யாவற்றையும் சிற்றுளியால் கொத்திக் கொத்தி அதன் உட்புறம் முழுவதையும் சிற்பமாக்கினார்கள். இன்னொரு கிராமத்தில் 1924-இல் கட்டப்பட்ட ஒரு கூரைவீடு, மட்பாண்டக் கலைஞர்கள் செய்த அடுப்பும் பாத்திரமும் கொண்ட உணவுச்சாலையாயிற்று. சமைத்துப் பரிமாறுபவர்கள் அவ்வூர்ப் பெண்கள். 2005-இல் மூடப்பட்ட சனாதாத் தொடக்கப்பள்ளியை, தாஷிமா சேய்சோ என்னும் ஓவியர், அங்கே கடைசியாகப் படித்த மூன்று குழந்தைகளையே கதாபாத்திரங்களாக்கி, கட்டடம் முழுவதும் நடந்து படிக்கும் சித்திரக்கதையாக 2009-இல் மாற்றியமைத்தார். படிவயல்களைத் தத்தெடுத்து ஆண்டுதோறும் பணம் கட்டும் நகரவாசிகளுக்கு அந்த வயலின் அரிசி அனுப்பப்படுகிறது. 2015-இல் தொடங்கிய ஒரு பெண்கள் கால்பந்துக் குழுவினர், பந்தாடுவதோடு, கைவிடப்பட்ட படிவயல்களில் விவசாயமும் செய்துவருகிறார்கள். விழா நடப்பது மூன்றாண்டுக்கு ஒருமுறை; நாற்று நடுவதோ ஆண்டுதோறும்.

இவ்வளவு செய்தும் அப்பிரதேசத்தின் ஜனத்தொகை குறைவது நின்றுவிடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒரு தேசம் முழுவதையும் பற்றிய முதுமையையும் பிறப்புக் குறைவையும் ஒரு கலைவிழா தடுத்துவிடும் என எதிர்பார்ப்பது நியாயமன்று. ஆனால் சிற்றளவில் அதிசயங்கள் நடந்ததுண்டு. சேத்தோ உள்கடல் தீவுகளில் 2010 முதல் நடக்கும் இதே விதமான விழாவின் விளைவாக, இருநூறு பேர்கூட இல்லாத ஓகிஜிமா என்னும் தீவுக்குச் சில இளங்குடும்பங்கள் குடிவந்தன. அவர்களுடைய குழந்தைகளுக்காக, மூடப்பட்டிருந்த பள்ளிக்கூடம் 2014-இல் மறுபடி திறக்கப்பட்டது. எத்தனை லட்சம் பேர் விழாவைக் காண வந்தார்கள் என்னும் கணக்கைவிட, ஒரு பள்ளிக்கூடத்தின் மணி மறுபடி அடித்தது என்னும் செய்தியே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

நம் நாட்டில் இவ்வழியிற் சென்ற முயற்சிகளில் மிகவும் பேசப்படுவது கொச்சியில் ஈராண்டுக்கொருமுறை நடத்துவதாக உத்தேசித்து, 2012 டிசம்பர் 12-இல் தொடங்கிய கலைவிழா. 1867-இல் தொடங்கிய ஆஸ்பின்வால் வர்த்தக நிறுவனம் மிளகும் தேங்காயெண்ணெயும் ஏற்றுமதி செய்த கடலோரக் கட்டடங்களும், மிளகுக் கிடங்கு என்றே பெயர்பெற்ற பழைய பண்டகசாலையும் அதனால் மீண்டும் மனிதர் நடமாடும் இடங்களாயின. மீனவரும் சுமைகூலிகளும் ஆட்டோ ஓட்டுநரும் சாரிசாரியாக வந்து கண்டது அவ்விழாவின் தனிச்சிறப்பு. எனினும் இடம் விழா நடத்துவோருடையதன்று. விழாவுக்கென்று இரவலாகக் கிடைப்பது. உடைமையாளரின் சித்தத்தையும் அரசின் நிதியையும் நம்பி நிற்கும் உயிர்ப்பு எந்தப் பருவத்திலும் தடைப்படக்கூடியது. பம்பாயில் காலா கோடா வட்டாரத்தில் 1999 முதல் பிப்ரவரி தோறும் நடக்கும் கலைவிழா இவ்விஷயத்தில் முன்யோசனை உடையது: அதை நடத்தும் சங்கத்தார் தமக்குக் கிடைக்கும் பணத்தை அவ்வட்டாரத்துப் பழைய கட்டடங்களையும் தெருக்களையும் செப்பனிடச் செலவழிக்கிறார்கள். விழாவின் வருவாய் இடத்துக்கே திரும்பும் இந்த வழக்கத்தை மற்ற இடங்களிலும் பின்பற்றுமாறு நான் விரும்பிச் சொல்வேன்.

சென்னையில் 2007-ஆம் ஆண்டுப் பொங்கல் சமயத்தில் தொடங்கிய சங்கமம், பூங்காக்களிலும் கடற்கரையிலும் தெருமுனைகளிலும் கரகத்தையும் தப்பாட்டத்தையும் தெருக்கூத்தையும் கொண்டுவந்து நிறுத்தியது. நடைப்பயிற்சிக்கு மட்டும் உரியனவென்று கருதப்பட்ட பூங்காக்கள் இரவு வெகுநேரம் வரை நிறைந்திருந்தன. ஆட்சி மாறியபின் அது நின்றது. 2023-இல் அரசின் கலை பண்பாட்டுத் துறை அதை மீண்டும் தொடங்கியது. நடுவே கழிந்த பத்தாண்டுகளுக்கு மேலான காலத்தில், அதை நாங்களே நடத்துவோம் என்று எந்தப் பூங்காவைச் சுற்றியிருந்த குடியிருப்பினரும் கிளம்பியதாகத் தெரியவில்லை. மேலிருந்து வழங்கப்பட்ட விழாவுக்கு இரசிகர்கள் இருந்தார்கள், உரியவர்கள் இல்லை. இதற்கு நேர்மாறானது, எலியட்ஸ் கடற்கரையை ஒட்டிய ஊரூர் ஆல்காட் குப்பத்தில் 2015-இல் பாடகர் டி. எம். கிருஷ்ணா, சூழலியல் எழுத்தாளர் நித்யானந்த் ஜெயராமன் முதலியோர் குப்பத்து மீனவர்களோடு சேர்ந்து தொடங்கிய விழா. கர்நாடக சங்கீதமும் பரதநாட்டியமும் பறையும் ஒரே மேடையில் நடந்தன. மேடை அமைந்த இடமோ, பக்கத்திலேயே வசிக்கும் நகரத்தார் பலர் அதுவரை காலெடுத்து வைத்திராத மீனவர் மணற்பரப்பு. அங்கே விருந்தோம்புவோர் குப்பத்தார், விருந்தினர் நகரத்தார் என்று முறை மாறியது. ஓரிடத்தைப் பற்றிய ஏளனம் நீங்குவதும் அந்த இடத்தின் புத்துயிர்ப்பில் ஒரு பகுதி என்பதை அவ்விழா உணர்த்தியது.

பழைய முறையைப் புகழ்ந்த நான் அதன் கொடுமையை மறைத்துவிட முடியாது. மண்டகப்படியிலும் வடம்பிடிப்பதிலும் உள்ள உரிமைகள் சாதிவாரியாக வகுக்கப்பட்டவை. சேரி மக்களுக்குப் பல ஊர்களில் அவை மறுக்கப்பட்டே வந்தன. சிவகங்கை மாவட்டத்துக் கண்டதேவியில் யார் வடம் தொடலாம் என்னும் தகராறு பல ஆண்டுகள் தொடர்ந்து, தேர் ஓடாமலே நின்று, நீதிமன்றம் தலையிட்டபின் 2024-இல் ஓடியதை நாடு அறியும். தேரோடும் வீதியிலிருந்து சிலரை விலக்கி வைத்துவிட்டு அதைப் பொதுவீதி என்று அழைப்பது எவ்வகையிலும் பொருந்தாது. ஆகவே பொறுப்பும் மரியாதையும் பகிரும் பழைய முறையைக் கைக்கொள்ளும்போது, அந்தப் பகிர்வைப் பிறப்பின்படியன்றித் தெருவாரியாகவும் முறைவைத்தும் புதிதாக வகுக்க வேண்டும். வகுக்க மாட்டாதவர்கள் விழாவைத் தொடங்காமலிருப்பதே நலம்.

மற்றத் தீங்குகளைச் சுருக்கமாகவே சொல்லலாம். இடத்தின் கொள்ளளவை எண்ணாமல் கூட்டம் சேர்ப்பது உயிருக்கே உலையாகும்; 1992-இல் கும்பகோணத்து மகாமகத்தில் நேர்ந்த நெரிசல் சாவுகளை எண்ணும்போது இன்றும் நெஞ்சு பதைக்கிறது. ஆற்றுமணலிலும் கடற்கரையிலும் விழாவின் மறுநாள் கிடக்கும் பிளாஸ்டிக் குவியல், அவ்விழாவால் இடம் என்ன பெற்றது என்ற கேள்வியை எழுப்பாமலிராது. பழைய தெருக்கள் அழகுபெற்று யாத்திரிகர் பெருகினால் வாடகை ஏறும்; ஏறினால், எந்த எளிய குடிகளின் பெயரால் விழா எடுக்கப்பட்டதோ அவர்களே வெளியேற நேரிடும். விழாவின் இடைவெளியும் முக்கியம். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வரும் பெருவிழாவுக்காகக் குளங்களை அவசர அவசரமாகத் தூர்வாரினால், அடுத்த முறை வருவதற்குள் அவை பழையபடி மேடிட்டுவிடும். ஆண்டுதோறும் வரும் சிறிய விழாவுக்கு அந்த ஆபத்து குறைவு. கோடிக்கணக்கில் செலவிட்டு ஒருமுறை நடத்தும் கோலாகலத்தைவிட, மயிலாப்பூர் மாட வீதியில் ஜனவரி தோறும் நடக்கும் கோலப்போட்டி போன்ற அடக்கமான நிகழ்ச்சியே தெருவைத் தெருவாரிடம் சேர்ப்பிப்பதில் வல்லது.

தமிழ்நாட்டுக் கிராமமொன்றில் பாழ்பட்ட சந்தைப்பேட்டையையோ ஊருணியையோ இம்முறையில் மீட்க விரும்புவோர் பெரும் நிதிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. கிராம சபை இப்போது ஆண்டுக்கு ஆறு நாட்களில் கூடுகிறது. அவற்றுள் மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம், கோடைத் திருநாட்களுக்குச் சற்று முன்னதாகவே வருவது. அன்றைக்கே விழாவின் நாளைக் குறித்து, கரையின் எந்தப் பக்கம் எந்தத் தெருவுக்கு, படித்துறை யாருக்கு, விளக்கு யாருக்கு, குப்பை அள்ளும் வண்டி யாருக்கு என்று எழுதிக்கொள்ளலாம். அந்தப் பட்டியலில் ஊரின் எந்தத் தெருவும் விடுபடக் கூடாது. ஆண்டுதோறும் முறை மாறிவர வேண்டும். மே மாதம் முதல் தேதி கூடும் சபையில் வரவு செலவைப் படித்து, மீந்த பணத்தை அடுத்த விழாவின் மேடைக்கும் ஒலிபெருக்கிக்கும் ஒதுக்கிவிடாமல், அவ்வாண்டு முழுவதும் அந்த இடத்தில் எரியவேண்டிய விளக்குகளுக்கும், மழைக்கு முன்னே வரத்துக்காலைத் தூர்வாரும் கூலிக்கும் என்று தீர்மானம் எழுதிக் கையொப்பமிட வேண்டும்.